உப்பு எங்கே, தண்ணீர் அங்கே

பாவற்காய்ச் சம்பல் போடத் தெரியாத வீடு எம்மிடையே மிகக் குறைவு. காயை மெல்லிய வட்டங்களாக வெட்டி உப்புப் பிரட்டிச் சிறிது நேரம் வைத்தால் கோப்பையின் அடியில் தண்ணீர் தேங்கி நிற்கும். அதைப் பிழிந்து ஊற்றிவிட்டுத்தான் எண்ணெயில் பொரிக்கிறோம். காயில் நாம் ஒரு சொட்டுத் தண்ணீரும் விடவில்லை. போட்டது உப்பு மட்டுமே. அப்படியானால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? மாங்காயை ஊறுகாய்க்கு உப்பிடும்போதும் இதுவேதான் நடக்கிறது. இதற்கு நேர்மாறான காட்சியையும் அதே சமையலறையில் காணலாம். வற்றிச் சுருங்கிய பிளம்ஸ் பாயாசத்தில் விழுந்து கொஞ்ச நேரத்தில் உப்பிப் பெருத்துவிடுகிறது. சந்தையிலிருந்து வாடி வந்த வல்லாரைக் கட்டைத் தண்ணீரில் நிறுத்தி வைத்தால் பின்னேரம் நிமிர்ந்து நிற்கிறது.

ஒன்றில் தண்ணீர் வெளியே போகிறது, மற்றதில் உள்ளே வருகிறது. இரண்டுக்கும் ஒரே விதிதான். பாடசாலையில் இதனைப் பிரசாரணம் என்று படித்தோம். உருளைக்கிழங்குத் துண்டைச் சீனிக் கரைசலில் இட்டுப் பார்த்தோம், படம் வரைந்தோம், சாதாரண தரப் பரீட்சையில் புள்ளியும் வாங்கினோம். அதன் பிறகு அந்தச் சொல்லை வாழ்க்கையில் ஒரு தடவையாவது பாவித்தவர்கள் எத்தனை பேர்?

அந்தப் பாடத்தை மறுபடி நடத்துவது எனது நோக்கமன்று. ஆனால் வயிற்றோட்டம் கண்ட குழந்தைக்குத் தாய் கரைத்துக் கொடுக்கும் ஒரு கோப்பைத் தண்ணீர் மருந்தாவதும் கெடுதலாவதும் இந்த ஒரு விதியிலேயே தங்கியிருக்கிறது. எமது நாட்டில் வயிற்றோட்டத்தால் குழந்தைகள் இறப்பது இன்று அரிது. இலவச வைத்திய சேவையும் வீடு வீடாகச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தர்களும் அதற்குக் காரணம். ஆயினும் மார்கழி வெள்ளத்தில் பாலம் மூடி, படுவான்கரைக் கிராமமொன்று இரண்டு நாள் தனித்துப் போகும்போது அங்கே வைத்தியசாலை என்பது அந்த வீட்டின் அடுப்படிதான். அந்த இரண்டு நாளுக்காகவே இதை எழுதுகிறேன்.

கலத்தின் வாசல்

எமது உடல் எண்ணற்ற கலங்களால் ஆனது. ஒவ்வொரு கலத்தையும் மிக மெல்லிய மென்சவ்வொன்று சூழ்ந்துள்ளது. அதனை மா அரிக்கும் அரிதட்டுக்கு ஒப்பிடலாம்; ஆனால் அரிதட்டைவிட இது கண்டிப்பானது. தண்ணீரை இரு பக்கமும் போகவர விடும். உப்பையும் சீனியையும் அப்படி விடாது. அவற்றுக்கெனத் தனி வாசல்கள் உண்டு. அவற்றினூடாக மாத்திரமே அவை உள்ளே போகலாம். தேர்ந்து புகவிடும் மென்சவ்வு என்று விஞ்ஞான நூல்கள் இதனைக் கூறும்.

இத்தகைய மென்சவ்வின் ஒரு பக்கத்தில் செறிவான கரைசலும் மறுபக்கத்தில் ஐதான கரைசலும் இருந்தால், உப்பு இங்கே வர முடியாதபடியால் தண்ணீர் அங்கே போகிறது. ஐதான பக்கத்திலிருந்து செறிவான பக்கத்துக்கு. இதுவே பிரசாரணம். பாவற்காயின் வெளியே உப்பு அதிகம், ஆகவே கலங்களிலிருந்த தண்ணீர் வெளியேறுகிறது. பிளம்ஸின் உள்ளே சீனி அதிகம், ஆகவே வெளியிலிருந்த தண்ணீர் உள்ளே போகிறது.

எமது இரத்தத்திலுள்ள செங்குழியங்களை எடுத்து வெறும் தண்ணீரில் இட்டால் தண்ணீர் உள்ளே புகுந்து அவை பருத்து வெடித்துவிடும். கடும் உப்புத் தண்ணீரில் இட்டால் தண்ணீரை இழந்து சுருங்கிப்போகும். ஒரு லீற்றர் தண்ணீரில் 9 கிராம் உப்பைக் கரைத்து அதில் இட்டால் அவை எந்த மாற்றமுமின்றி அப்படியே இருக்கும். வைத்தியசாலையில் கையில் ஏற்றுகின்ற சாதாரண சேலைனில் லீற்றருக்கு 9 கிராம் உப்பு இருப்பது இதனாலேயே. சுத்தமான தண்ணீர்தானே என்று வெறும் தண்ணீரை நரம்பில் ஏற்றினால் உயிராபத்து.

இதில் எனக்கு மிகவும் வியப்பளித்த விடயம் ஒன்றுண்டு. கலங்களுக்கு உள்ளேயோ வெளியேயோ தண்ணீரை நேரடியாக இறைக்கும் பம்பி எதுவும் எமது உடலில் கிடையாது. கலங்கள் உப்பைத்தான் இறைக்கின்றன. சோடியத்தை வெளியே தள்ளுகின்றன, பொற்றாசியத்தை உள்ளே எடுக்கின்றன, இரவு பகலாக இந்த வேலை நடக்கிறது. தண்ணீர் உப்பின் பின்னால் தானாகப் போகிறது. தண்ணீரை ஓரிடத்துக்குக் கொண்டுசெல்ல விரும்பினால் உப்பை அங்கே அனுப்பவேண்டும். வேறு வழி கலத்துக்குத் தெரியாது.

தவித்த வாய்க்குத் தண்ணீர்

நாம் குடிப்பது, உண்பதிலுள்ளது, உமிழ்நீர், இரைப்பையிலும் குடலிலும் சுரப்பது எல்லாம் சேர்த்து வளர்ந்த ஒருவரின் சிறுகுடலுக்குள் நாளொன்றுக்கு 8 அல்லது 9 லீற்றர் திரவம் வருகிறது. அதில் மலத்துடன் வெளியேறுவது 100 முதல் 200 மில்லிலீற்றர் வரைதான். எஞ்சியதையெல்லாம் குடல் திரும்ப உறிஞ்சிவிடுகிறது. எவ்வாறு? குடற் சுவரிலுள்ள கலங்கள் உப்பை உள்ளெடுக்கின்றன, தண்ணீர் அதன் பின்னால் வருகிறது.

வயிற்றோட்டத்தில் இந்த ஒழுங்கு குழம்புகிறது. கொலரா எனப்படும் வாந்திபேதியில் கிருமியின் நஞ்சு குடற் கலங்களை உப்பை வெளியே கொட்ட வைக்கிறது. உப்புப் போனால் தண்ணீரும் போகும். வேறு கிருமிகள் வேறு விதமாகக் கெடுதல் செய்தாலும் முடிவு ஒன்றுதான்: குழந்தை தண்ணீரை மட்டுமல்ல, சோடியத்தையும் பொற்றாசியத்தையும் சேர்த்து இழக்கிறது. இரத்தத்தின் கனவளவு குறைகிறது. கண் குழிவிழுகிறது, அழுதால் கண்ணீர் வருவதில்லை, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகவே பழைய நிலைக்குத் திரும்புகிறது, சிறுநீர் குறைகிறது. கைக்குழந்தையாயின் உச்சிக்குழி பள்ளமாகிறது.

இந்த வேளையில் எமது வீடுகளில் நடப்பது என்ன? "குடுக்கக் குடுக்கப் போகுது மிஸ், அதால தண்ணிய நிப்பாட்டினன்" என்று ஒரு தாய் சொல்வாள். அவளைக் குறை கூறுவதற்கில்லை. அவள் கண்ணால் கண்டது அதுதான்; வீட்டிலுள்ள மாமியும் அதையே சொல்லியிருப்பார். வெறும் தண்ணீரைக் கொடுத்தபோது குழந்தைக்குத் தேறுதல் தெரியவில்லை என்பதும் பெரும்பாலும் உண்மையே. உப்பு இல்லாத தண்ணீரால் இழந்த உப்பை ஈடுசெய்ய முடியாது. உப்பை மட்டும் கரைத்துக் கொடுத்தாலோ நோயுற்ற குடல் அதனைப் போதிய அளவு எடுத்துக்கொள்வதில்லை.

தீர்வு சீனியிலிருந்து வந்தது. குடற் கலத்தில் ஒரு விசேட வாசல் இருக்கிறது. குளுக்கோசும் சோடியமும் சோடி சேர்ந்து வந்தால் அந்த வாசலினூடாக இரண்டும் உள்ளே போகலாம். இதனை 1960 ஆம் ஆண்டில் உயிரிரசாயனவியலாளர் றொபேட் கிரேன் எடுத்துக்கூறினார். முக்கியமான செய்தி என்னவெனில், வாந்திபேதி நஞ்சு ஏனையவற்றைக் குழப்பினாலும் இந்த வாசலை மூடுவதில்லை. எனவே சீனியும் உப்பும் சரியான அளவில் சேர்ந்தால் வயிற்றோட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே உப்பு உள்ளே போகும், அதன் பின்னால் தண்ணீரும் போகும். சீனி இங்கு சத்துக்காகவோ ருசிக்காகவோ சேர்க்கப்படுவதன்று. உப்பைக் கைபிடித்து உள்ளே அழைத்துச் செல்லும் வேலை அதற்கு.

1968 ஆம் ஆண்டில் டாக்காவில் ஆய்வாளர்கள் வாந்திபேதி நோயாளருக்கு இவ்வாறு கரைத்த நீரைக் கொடுத்து, சேலைன் தேவை பெருமளவு குறைவதைக் காட்டினர். ஆனால் அது ஆய்வு வைத்தியசாலை. தாதியர், அளவுக் குவளை, பதிவேடு எல்லாம் இருந்த இடம். சாதாரண சனங்களின் கையில் இது சரிவருமா என்ற ஐயம் வைத்திய உலகத்தில் அப்படியே இருந்தது.

அந்த ஐயத்தை நீக்கியது ஓர் அகதி முகாம். 1971 ஆம் ஆண்டு பங்களாதேஷ் யுத்தத்தின்போது இலட்சக்கணக்கான மக்கள் எல்லை கடந்து மேற்கு வங்காளத்தில் தஞ்சமடைந்தனர். மழை, நெரிசல், மலசலகூடமின்மை, வாந்திபேதி பரவியது. எல்லையோரப் பட்டினமான பொங்காவோனில் பணியாற்றிய வைத்தியர் திலீப் மஹாலனாபிஸிடம் சேலைன் கையிருப்பு தீர்ந்துகொண்டிருந்தது. கல்கத்தாவில் உப்பு, அப்பச்சோடா, குளுக்கோசு மூன்றையும் அளந்து பொதிகளாகக் கட்டுவித்து, முகாமுக்குக் கொண்டுவந்து பெரிய கொள்கலன்களில் கரைத்து வைத்தார். ஒவ்வொரு நோயாளிக்கும் அருகிலிருந்து அதைக் குவளையில் வார்த்துப் பருக்கியவர்கள் வைத்தியர்களல்லர். நோயாளரின் தாய்மாரும் சகோதரிகளும் உறவினருமே. வாயால் குடிக்கும் சேலைன் என்று பெயர் சொன்னபோது சனங்கள் நம்பிக் குடித்தனர். அங்கு 30 வீதமளவில் இருந்த மரணம் இந்த முறையில் 4 வீதத்துக்கும் கீழே இறங்கியது. 1978 ஆம் ஆண்டில் லான்செற் என்னும் வைத்திய சஞ்சிகை, சோடியமும் குளுக்கோசும் சேர்ந்து உறிஞ்சப்படுவதைக் கண்டறிந்தமை இந்நூற்றாண்டின் மிக முக்கியமான வைத்திய முன்னேற்றமாக அமையக்கூடும் என்ற கருத்தை எழுதியது. மஹாலனாபிஸ் 2022 ஆம் ஆண்டு காலமானார். இத்தனை உயிர்களைக் காத்த ஒருவரின் பெயர் எமது பாடநூல்களில் இல்லாதது எனக்கு ஒரு மனக்குறைதான்.

கூடினால் என்ன?

எமது நாட்டில் ஜீவனி என்ற பெயரில் நாம் அறிந்த பொதி இந்தக் கண்டுபிடிப்பின் வழிவந்ததே. அதன் பெயர் தெரியாத தாய் இல்லையென்றே சொல்லலாம். அதனைக் கரைக்கும் விதத்தில்தான் சிக்கல் இருக்கிறது. வீடுகளுக்குப் போகும்போது நான் அடிக்கடி காண்பது இதுதான்: பொதியைப் பிரித்து முழுவதையும் ஒரு கிளாஸ் தண்ணீரில் கொட்டிக் கலக்கி, "மருந்து நல்லாக் கட்டியா இருந்தாத்தான் பிடிக்கும்" என்று கொடுக்கிறார்கள். பிள்ளை ஒரு லீற்றர் குடிக்காது, ஒரு கிளாஸென்றாலும் குடிக்கட்டும் என்பது இன்னொரு நியாயம். இரண்டும் அன்பினால் எழுந்த நியாயங்களே. ஆனால் பிரசாரணத்துக்கு அன்பு தெரியாது.

கணக்கைப் பாருங்கள். கரைந்துள்ள துணிக்கைகளின் செறிவை மில்லி ஒசுமோல் என்னும் அலகால் அளப்பார்கள். எமது இரத்தத்தில் அது லீற்றருக்கு 290 அளவில் உள்ளது. தொடக்க காலத்துப் பொதி ஒரு லீற்றரில் கரைக்கப்பட்டபோது 311 ஆக இருந்தது, அதாவது இரத்தத்தைவிடச் சற்றுக் கூட. உலக சுகாதார ஸ்தாபனமும் யுனிசெப்பும் ஆய்வுகளின் பின்னர் 2002 ஆம் ஆண்டில் உப்பையும் குளுக்கோசையும் குறைத்து அதனை 245 ஆக்கின. ஒரு லீற்றருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோசு 13.5 கிராம், பொற்றாசியம் குளோரைட்டு 1.5 கிராம், சோடியம் சித்திரேற்று 2.9 கிராம். 311 இலிருந்து 245 என்பது சிறிய மாற்றமாகத் தோன்றும். ஆனால் அந்த மாற்றத்தால் குழந்தைகளுக்குச் சேலைன் ஏற்றவேண்டிய தேவை மூன்றில் ஒரு பங்கால் குறைந்தது; வாந்தியும் குறைந்தது. கரைசல் இரத்தத்தைவிடச் சற்று ஐதாக இருந்தபடியால் தண்ணீர் குடலிலிருந்து இரத்தத்துக்கு இலகுவாகப் போனது. காரணம் அவ்வளவே.

ஒரு லீற்றருக்கான பொதியை 200 மில்லிலீற்றர் கிளாஸில் கரைத்தால் செறிவு ஐந்து மடங்காகும். 245 ஐ ஐந்தால் பெருக்கினால் 1225. கடல்நீரின் செறிவு 1000 ஐச் சற்றுத் தாண்டியது. ஆக, கடல்நீரைவிடச் செறிவான ஒன்றையே அந்தக் குழந்தையின் வாயில் வார்க்கிறோம். குடலுக்குள் போன அந்தக் கரைசல், உப்பிட்ட பாவற்காயைப்போல, இரத்தத்திலிருந்து தண்ணீரை வெளியே இழுக்கும். வயிற்றோட்டம் கூடும். "பாத்தீங்களா, ஜீவனி குடுத்துத்தான் கூடினது" என்ற பழி மருந்தின்மேல் விழும். அதைவிட ஆபத்தானது, உள்ளே போன உப்பு இரத்தத்தில் கூடுவது. அப்போது உடலின் கலங்கள் தண்ணீரை இழந்து சுருங்கும், மூளைக் கலங்கள் உட்பட. குழந்தை அடங்காத தாகத்துடன் சினந்து அழும், சோரும், வலிப்பும் வரலாம்.

2004 சுனாமிக்குப் பின்னர் எமது கிழக்குக் கரையில் கடல்நீர் புகுந்த வயல்களில் பயிர் வாடிப்போனதை மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். நிலத்தில் ஈரம் இல்லாமல் வாடவில்லை. நிலத்திலிருந்த உப்பு வேரைத் தண்ணீர் குடிக்க விடவில்லை. கட்டியாகக் கரைத்த ஜீவனியும் குழந்தையின் குடலில் அதையே செய்கிறது.

சோடாவின் கதையும் இதுவே. வாந்தியும் வயிற்றோட்டமும் என்றால் கடைக்கு ஓடிச்சென்று ஒரு சோடாப் போத்தல் வாங்கிவரும் வழக்கம் பட்டினம் கிராமம் இரண்டிலும் உண்டு. அதிலுள்ள சீனியால் அதன் செறிவு இரத்தத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. சோடியமோ இல்லையென்னுமளவுக்குக் குறைவு. சீனி நிறையப் போட்ட தேநீரும், பெட்டிக் குளுக்கோசை அள்ளிப்போட்டுக் கரைத்த தண்ணீரும் அப்படியே. உப்பு என்னும் சோடி இல்லாமல் வந்த மிகுதிச் சீனி குடலிலே தங்கித் தண்ணீரை இழுக்கும். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொற்றாசியம் அதிகம், சோடியம் குறைவு. ஜீவனியோடு சேர்த்துக் கொடுக்கலாம், ஜீவனிக்குப் பதிலாகக் கொடுக்க முடியாது.

எங்கள் அம்மம்மாமார் காய்ச்சிய உப்புக் கஞ்சியைப் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீரை நிறுத்தும் வழக்கம் பிழையானது. ஆனால் உப்புக் கஞ்சி கொடுத்தது சரியானது. அரிசியிலுள்ள மாச்சத்து குடலில் சிறிது சிறிதாகவே குளுக்கோசாக மாறுவதால் செறிவு ஒரேயடியாகக் கூடுவதில்லை, உப்பை அழைத்துச் செல்லவும் சோடி கிடைக்கிறது. அரிசி மாவால் செய்த கரைசல்கள் வாந்திபேதியில் நன்கு பயன் தருவதைப் பின்னாளைய ஆய்வுகள் காட்டின. பழைய வழக்கங்களை மொத்தமாக மூடநம்பிக்கை என்று தள்ளும் கருத்தரங்குகளில் எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கவேண்டும்.

மூன்று விரலும் ஒரு பிடியும்

சரியான அளவை ஒரு நாட்டின் தாய்மாருக்கே கற்பிக்க முடியுமா? பங்களாதேஷில் அதைச் செய்து காட்டினார்கள். பஸ்லே ஹசன் அபேத் தொடக்கிய பிராக் நிறுவனம் 1980 முதல் 1990 வரையான பத்து ஆண்டுகளில் 1 கோடி 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெண் பணியாளர்களை அனுப்பியது. பொதிகள் எல்லா வீட்டுக்கும் போதாது. ஆகவே வீட்டிலுள்ளதைக் கொண்டே கரைக்கப் பழக்கினார்கள். மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை லீற்றரளவு தண்ணீர். தராசு இல்லாத வீட்டில் தாயின் கைதான் அளவை. தண்ணீருக்கு அவள் வீட்டுப் பாத்திரத்திலேயே அடையாளம் இட்டுக் கொடுத்தார்கள். சொல்லிவிட்டு வருவதுடன் வேலை முடிவதில்லை. தாய் தன் கையால் கரைத்துக் காட்டவேண்டும். சில வாரங்களின் பின் வேறொருவர் சென்று தாய்மாரிடம் கேள்வி கேட்பார், கரைக்கச் சொல்லி அதில் ஒரு பகுதியை ஆய்வுகூடத்துக்கும் அனுப்புவார். தாய்மார் எவ்வளவு நினைவில் வைத்திருந்தார்களோ அதற்கேற்பவே பணியாளருக்குக் கொடுப்பனவு. எத்தனை கூட்டம் வைத்தோம், எத்தனை பேர் கையொப்பமிட்டார்கள் என்று அறிக்கை எழுதிப் பழகிய எங்களைப் போன்றவர்களுக்கு இது சற்றுச் சங்கடமான செய்தி.

ஆயினும் தொடக்கத்தில் அங்கும் ஒரு தடங்கல் வந்தது. தாய்மாருக்கு அளவு மனப்பாடம். ஆனால் குழந்தைக்கு நோய் வந்தபோது கரைத்துக் கொடுத்தவர்கள் சிலரே. காரணம் தேடியபோது, கற்பித்த பணியாளர்களே தமக்கு வயிற்றோட்டம் வந்தால் அதைக் குடிப்பதில்லை என்று தெரிந்தது. அவர்களுக்கே நம்பிக்கையில்லை. பின்னர் அவர்களை டாக்காவுக்கு அழைத்து, உப்பும் சீனியும் தண்ணீரும் குடலில் என்ன செய்கின்றன என்பதை ஆய்வாளர்களைக் கொண்டே விளக்கினார்கள். தாயின் முன்னிலையில் பணியாளரும் அந்தக் கரைசலைக் குடித்துக் காட்டலானார். வெளியாட்கள் வந்து பெண்களிடம் பேசுவதை ஐயத்துடன் பார்த்திருந்த ஆண்களுக்கும் பள்ளிவாசலிலும் சந்தையிலும் வைத்து விளக்கம் கொடுத்தார்கள். அதன் பின்பே பாவனை கூடியது.

எங்கள் சுவரொட்டிகள் "ஒரு பொதி, ஒரு லீற்றர்" என்று சொல்கின்றன, ஏன் என்று சொல்வதில்லை. ஏன் என்று தெரியாதவளுக்கு ஒரு லீற்றரும் ஒரு கிளாஸும் ஒன்றுதான். படிப்பறிவு குறைந்த பெண்களுக்கு இதெல்லாம் விளங்காது என்பவர்களுக்கு, பாவற்காயை உப்பிட்டுப் பிழிந்தவளுக்கு விளங்காத எதுவும் இதில் இல்லை என்பேன்.

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. ஒரு லீற்றர் என்பதை எதனால் அளப்பது? எங்கள் ஊர்களில் மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் போத்தல் கணக்கில் விற்ற பழக்கம் இன்னும் வாயில் நிற்கிறது. அந்தப் போத்தல் 750 மில்லிலீற்றர். ஜீவனியை "ஒரு போத்தல் தண்ணியில" என்று சொன்னால் தாய் நினைப்பது அதையே. அதில் கரைத்தால் செறிவு 327 அளவில் வரும், இரத்தத்தைவிடக் கூடிவிடும். கடையில் விற்கும் குடிநீர்ப் போத்தல் 500 மில்லிலீற்றர், 1 லீற்றர், 1.5 லீற்றர் என மூன்று விதமாக இருக்கிறது. ஆகவே போத்தலின் வெளிப்புறத்தில் அச்சிட்டுள்ள இலக்கத்தைப் பார்த்து, சரியாக ஒரு லீற்றர்ப் போத்தல் ஒன்றை எடுத்துக் கழுவி வையுங்கள். வீட்டுச் செம்பொன்றில் அந்த ஒரு லீற்றரை ஊற்றி, தண்ணீர் நிற்கும் மட்டத்தில் நகப்பூச்சால் கோடிட்டாலும் போதும்.

பால்மா விடயத்திலும் இதையே கவனிக்கவேண்டும். புட்டிப்பால் கொடுக்க நேர்ந்த குழந்தைக்கு ஒரு கரண்டி கூடப் போட்டால் கொழுக்கும் என்று எண்ணுவது தவறு. செறிவு கூடிய பால் குழந்தையின் உடலிலிருந்து தண்ணீரை இழுக்கும். விலையேற்றத்தால் ஐதாக்கிக் கொடுப்பதும் தவறு. தாய்ப்பாலின் செறிவு இரத்தத்தின் செறிவை ஒத்தது. எனவேதான் 6 மாதம் வரை வேறு தண்ணீர் தேவையில்லை. அந்த வயதில் வெறும் தண்ணீரைப் பருக்கினால் இரத்தம் ஐதாகி, மூளைக் கலங்கள் தண்ணீரை எடுத்து வீங்க இடமுண்டு.

இனிக் கரைக்கும் முறை. தண்ணீர் கொதித்தாறியதாக இருக்கவேண்டும். கரைத்தபின் கொதிக்க வைக்கக் கூடாது; தண்ணீர் ஆவியாகிச் செறிவு கூடிவிடும். சீனியோ பாலோ பழச்சாறோ மேலதிகமாகச் சேர்க்கக் கூடாது. பொதி கைவசம் இல்லாவிட்டால் ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும். கரண்டியில் குவித்து அல்ல, விளிம்போடு மட்டமாக வழித்து. குழந்தைக்குக் கொடுக்கும் முன் நீங்கள் ஒரு வாய் பாருங்கள். கண்ணீரைவிட உப்புக் கரித்தால் அதை ஊற்றிவிட்டு மறுபடி கரையுங்கள்.

2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு தடவை போன பின்பும் 50 முதல் 100 மில்லிலீற்றர் வரை, அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 100 முதல் 200 வரை கொடுக்கலாம். ஒரேயடியாக வார்க்காமல் கரண்டி கரண்டியாகக் கொடுக்கவேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து இன்னும் மெதுவாகத் தொடங்கவேண்டும். தாய்ப்பாலையும் வழமையான உணவையும் நிறுத்தக் கூடாது. 2004 முதல் உலக சுகாதார ஸ்தாபனமும் யுனிசெப்பும் 10 முதல் 14 நாட்களுக்கு நாகம், அதாவது சிங்க் குளிசை கொடுக்கவும் பரிந்துரைக்கின்றன. அளவை வைத்தியரிடம் கேளுங்கள். மலத்தில் இரத்தம் கண்டாலோ, பிள்ளை குடிக்க முடியாமல் சோர்ந்து தூங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, கொடுத்ததெல்லாம் வாந்தியாக வந்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, ஜீவனியை நம்பி வீட்டில் இருக்கவேண்டாம். கணவர் வரட்டும், மாமியைக் கேட்போம் என்றும் காத்திராதீர்கள். போகும் வழியிலும் கரண்டியால் கொடுத்துக்கொண்டே போங்கள்.

கரைத்ததை மூடி வைத்து 24 மணித்தியாலத்துக்குள் பாவிக்கவேண்டும். மிச்சமிருந்தால் ஊற்றிவிட்டுப் புதிய பொதியைக் கோடு போட்ட செம்பில் கரையுங்கள்.